கதிரைக் கிள்ளிப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள்: வீட்டிலேயே சோளக்கதிர்

"வீட்டில் செய்தால் தள்ளுவண்டிச் சோளம் மாதிரி வருவதில்லையே" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நாட்டுக் கதிரா, ஸ்வீட் கார்னா? பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. இரண்டும் மக்காச்சோளம்தான், ஆனால் அடுப்பில் இரண்டுக்கும் குணம் வேறு. ஒன்றுக்கான நேரத்தை இன்னொன்றுக்கு வைத்தால் கெட்டுப்போகும். முதல்முறை நான் நாட்டுக் கதிரை ஸ்வீட் கார்ன் கணக்கில் பத்து நிமிடம் வேகவைத்து இறக்கினேன், கடித்தால் பல்தான் வலித்தது.

அதனால் முதல் படி அடுப்பில் இல்லை, வாங்கும் இடத்தில் இருக்கிறது. கதிரின் நுனியில் தோலை இரண்டு விரல்கடை மட்டும் விலக்கி, கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒரு மணியை நகத்தால் கிள்ளுங்கள். தண்ணியாகச் சாறு தெறித்து, நாக்கில் வைத்தால் இனித்தால் அது ஸ்வீட் கார்ன். கெட்டியாக, வெள்ளையாகப் பால் வந்தால் பால் பிடித்த நாட்டுக் கதிர், சுடுவதற்கு அதை அடிக்க வேறு எதுவும் இல்லை. நகம் இறங்கவே மறுத்து, உள்ளே மாவாக இருந்தால் முற்றிவிட்டது. முற்றியதையும் தூக்கிப் போட வேண்டாம், அதற்கும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நுனியில் தொங்கும் நாரையும் பாருங்கள். பழுப்பாக, லேசான பிசுபிசுப்போடு இருந்தால் நல்ல கதிர். கறுத்து நொறுங்கினால் பறித்து நாளாகிவிட்டது. அந்த நாரில் ஒவ்வொரு இழையும் ஒரு மணியோடு சேர்ந்தது. எந்த இழையில் மகரந்தம் விழவில்லையோ அந்த இடத்தில் மணி பிடிக்காது. சில கதிர்கள் பொக்கைவாயாக இருப்பது அதனால்தான், ருசியில் குறை ஒன்றும் கிடையாது, தைரியமாக வாங்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் தோலை உரித்துவிடாதீர்கள். பறித்த நிமிடத்திலிருந்து மணியில் உள்ள சர்க்கரை மாவாக மாறிக்கொண்டே இருக்கும், வெயிலில் இன்னும் வேகமாக மாறும். அன்றைக்கே சமைப்பது நல்லது, முடியாவிட்டால் தோலோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒன்றிரண்டு நாள் தாங்கும். சமைக்கும்போது உரித்துவிட்டு, ஈரத்துணியால் நுனியிலிருந்து காம்பு வரை அழுத்தித் துடைத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் நாரெல்லாம் துணியோடு வந்துவிடும்.

வேகவைப்பது

ஸ்வீட் கார்ன் என்றால் இட்லிப் பானையே போதும். தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகு கதிர்களைத் தட்டில் அடுக்கி மூடி, 10 நிமிடம். கொதிக்கும் தண்ணீரில் நேராகப் போட்டால் 5 முதல் 7 நிமிடம். மணி பளபளவென்று நல்ல மஞ்சளாக மாறும், அந்த நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். குக்கரில் வைத்தால் ஒரு விசில், அதற்கு மேல் வேண்டாம். இனிப்பு தண்ணீரில் இறங்கி, மணி சுருங்கிச் சப்பென்று ஆகிவிடும்.

நாட்டுக் கதிருக்கு குக்கர்தான். இரண்டாக உடைத்துப் போட்டு, முழுகும் அளவு தண்ணீர், கல் உப்பு ஒரு ஸ்பூன், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். இளசாக இருந்தால் 3 விசில், கொஞ்சம் முற்றியிருந்தால் 5 அல்லது 6. விசிலை அடக்கித் திறக்காமல், ஆவி தானாக இறங்கும் வரை விடுங்கள். அப்புறமும் அந்த உப்புத் தண்ணீரிலேயே கால் மணி நேரம் கிடந்தால் உப்பு உள்ளே சாரும்.

மைக்ரோவேவ் இருந்தால் ஸ்வீட் கார்னுக்கு ஒரு சுலபமான வழி. தோலை உரிக்காமல் அப்படியே ஒரு கதிரை 3 முதல் 4 நிமிடம் வைத்து, வெளியே எடுத்து ஒரு நிமிடம் ஆறவிட்டு, காம்புப் பக்கம் ஒரு விரல்கடை சேர்த்து வெட்டிவிடுங்கள். துணியால் நுனியைப் பிடித்து உலுக்கினால் கதிர் மட்டும் வழுக்கி வெளியே வரும், நார் தோலுக்குள்ளேயே நின்றுவிடும்.

சுடுவது

எனக்கு இதுதான் பிடிக்கும். மெரினாவில் சோளம் சுடுபவரின் கையைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், ஒரு கை விசிறிக்கொண்டே இருக்கும், இன்னொரு கை கதிரைத் திருப்பிக்கொண்டே இருக்கும். கொழுந்துவிட்டு எரியும் தீயில் அவர் கதிரை வைப்பதில்லை, கனிந்த கரியில்தான் வைக்கிறார். தீ நாக்கு பட்டால் மேலே கருகும், உள்ளே பச்சையாக நிற்கும்.

வீட்டில் கேஸ் அடுப்பு என்றாலும் அதே கணக்குதான். பர்னர் மேல் சப்பாத்தி சுடும் கம்பி வலையை வைத்து, தீயை மிதமாகவும் சிறிதாகவும் மாற்றி மாற்றி வையுங்கள். தோலை முழுதாக எடுத்துவிடுங்கள், பிடிப்பதற்கு என்று விட்டுவைத்தால் பற்றிக்கொள்ளும், இடுக்கியால் பிடித்துத் திருப்புவதே நல்லது. அரை நிமிடத்துக்கு ஒரு முறை கால்வாசி திருப்புங்கள். முதலில் மணிகள் வியர்த்த மாதிரி மினுங்கும், பிறகு நிறம் அடர்ந்து, அங்கங்கே பட் பட்டென்று வெடிக்க ஆரம்பிக்கும் (முகத்தை அடுப்புக்கு மேலே கொண்டுபோகாதீர்கள், குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்). ஒவ்வொரு வரிசையிலும் கரும்புள்ளி விழுந்து, பொரி வறுக்கும் வாசனை வந்தால் முடிந்தது. இளம் நாட்டுக் கதிருக்கு 8 முதல் 10 நிமிடம். ஸ்வீட் கார்ன் 5 நிமிடத்தில் ஆகிவிடும், ஆனால் அதில் ஈரம் அதிகம், வண்டிச் சோளத்தின் அந்தக் கடிபதம் எவ்வளவு நேரம் சுட்டாலும் வராது. வீட்டில் செய்தால் அந்த மாதிரி வருவதில்லை என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முற்றிய கதிருக்குச் சொல்கிறேன் என்றேனே, அது இங்கேதான். குக்கரில் 5 விசில் வைத்து எடுத்து, துணியில் ஒற்றி ஈரம் போக்கி, அப்புறம் தணலில் 2 நிமிடம் மட்டும் காட்டுங்கள். உள்ளே பூவாக வெந்திருக்கும், மேலே சுட்ட மணம் ஏறியிருக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இளங்கதிரைக்கூட இப்படியே செய்யலாம், மெல்லச் சுலபம்.

மசாலாவை அவசரமாகத் தூவிவிடாதீர்கள். ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூளுக்கு அரை ஸ்பூன் தூள் உப்பு, சின்னத் தட்டில் கலந்து வையுங்கள். எலுமிச்சை மூடியை அதில் ஒற்றி, அந்த மூடியாலேயே கதிரைக் காம்பிலிருந்து நுனி வரை அழுத்தித் தேய்க்க வேண்டும், லேசாகப் பிழிந்துகொண்டே. சாறு மணிகளுக்கு நடுவே இறங்கும்போது தூளும் கூடவே இறங்கும். கதிர் சூடாக இருக்கும்போதே தேய்த்தால்தான் பிடிக்கும், ஆறிவிட்டால் தூள் மேலேயே நின்று காரம் மட்டும் உறைக்கும். வேகவைத்த ஸ்வீட் கார்னுக்கு இவ்வளவு காரம் வேண்டாம், கொஞ்சம் வெண்ணெயும் மிளகுத்தூளும் போதும்.

மிச்சமான கதிர் ஆறியதும் இறுகிவிடும், மறுபடி சுட்டால் இன்னும் இறுகும். மணிகளை உதிர்த்து, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் மூடி வைத்துத் தேங்காய்த் துருவல் போட்டு இறக்கினால் சாயங்காலத்துக்கு நல்ல சுண்டல்.