மார்த்தாண்டம் தேனை வாட்ஸ்அப்பில் விற்கத் தொடங்குவது எப்படி?

ரப்பர் மரம் தளிர்க்கும் பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் வரை தேன் கிடைக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் பலர் அதை டின் கணக்கில் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அரைக் கிலோ பாட்டிலாக நேரடியாக விற்றால் கூடுதல் காசு நிற்கும். ஆனால் வாங்குகிறவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைச் சொல்வதைச் சுலபமாக்குவதுதான் சிறு வியாபாரிக்குச் சமூக ஊடகம் செய்து தரும் பெரிய உதவி. ஆகவே வியாபாரத்துக்கென்றே உள்ள தனிச் செயலியான வாட்ஸ்அப் பிசினஸில் தொடங்குங்கள். இன்ஸ்டாகிராம் அதற்கு அடுத்தது, காசு கொடுத்து விளம்பரம் கடைசி.

முதல் படி: எண்

ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் சேர்த்து வைக்க முடியாது. வீட்டு எண்ணை மாற்றினால் குடும்பக் குழுக்களும் ஆர்டர்களும் கலந்துபோகும். தனி சிம் வாங்குங்கள். கடையில் தரைவழி போன் இருந்தால் அந்த எண்ணும் போதும். சரிபார்ப்பின்போது குறுஞ்செய்திக்குப் பதில் அழைப்பைத் தேர்ந்தெடுத்தால் குறியீட்டைக் குரலில் சொல்வார்கள்.

இரண்டாம் படி: கேட்லாக்

பொருள்களைப் படத்தோடும் விலையோடும் காட்டும் பட்டியல்தான் கேட்லாக். அதில் ஒவ்வோர் அளவையும் தனிப் பொருளாகப் போடுங்கள்: ‘ரப்பர் தேன், 500 கிராம்’, ‘ரப்பர் தேன், 1 கிலோ’. விலையை மறைத்து ‘இன்பாக்ஸில் வாருங்கள்’ என்று எழுதினால் பாதிப் பேர் கேட்காமலே போய்விடுவார்கள். விளக்கத்தில் எடுத்த மாதம், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண், கூரியர் கட்டணம் மூன்றும் இருக்கட்டும்.

படத்தைக் காலையில் ஜன்னலோரம் எடுங்கள். பாட்டிலுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் தேனின் நிறம் தெரியும். டியூப்லைட்டின் கீழ் எடுத்தால் கறுத்த சர்க்கரைப் பாகு போல இருக்கும்.

‘சர்க்கரை நோய் குணமாகும்’ என்று எழுதவே கூடாது. நோயைக் குணப்படுத்தும் என்ற விளம்பரத்தை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. சர்க்கரை நோய் அதன் பட்டியலிலேயே இருக்கிறது. கேட்லாக்கில் போடும் பொருளை வாட்ஸ்அப்பும் பரிசீலிக்கும். இப்படி எழுதினால் அங்கேயே நிராகரிக்கப்படலாம்.

மூன்றாம் படி: விரைவுப் பதில்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. 50 பதில்கள் வரை சேமிக்கலாம். சாய்கோடு போட்டுச் சுருக்கச் சொல்லைத் தட்டினால் முழுப் பதிலும் வந்துவிடும். தொடக்கத்துக்கு ஐந்து போதும்: விலை, கூரியர், பணம் செலுத்தும் முறை, பாட்டில் உடைந்தால் என்ன செய்வது, தேன் ஏன் உறைந்தது.

கடைசிக் கேள்வி நிச்சயம் வரும். ரப்பர் தேனில் குளுக்கோஸ் அதிகம். அதனால் சீக்கிரமே மணல் போல உறையும். அடியில் வெள்ளையாகப் பார்த்தவுடன் ‘சீனி கலந்திருக்கிறார்கள்’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், பாட்டில் அனுப்பும் அன்றே இந்தப் பதிலை அனுப்பிவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் பாட்டிலை வைத்தால் தேன் இளகும், அடுப்பில் வைக்க வேண்டாம் என்று சொல்லி, இளகுவதை அரை நிமிட வீடியோவாக எடுத்துச் சேர்த்தால் சண்டையே வராது.

நான்காம் படி: ஆட்களைச் சேர்ப்பது

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவுவது பிராட்காஸ்ட் பட்டியல். ஒரு பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ‘யாருமே பார்க்கவில்லை’ என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். லேபிளில் எண்ணுக்குக் கீழே ‘இந்த எண்ணைச் சேமித்து வையுங்கள், அடுத்த அறுவடையைச் சொல்கிறோம்’ என்று அச்சடியுங்கள். அறிமுகமில்லாத எண்களுக்கு மொத்தமாக அனுப்பாதீர்கள். பலர் பிளாக் செய்து புகார் கொடுத்தால் எண்ணே முடக்கப்படலாம்.

இன்ஸ்டாகிராமில் வாரத்துக்கு இரண்டு ரீல்ஸ் போதும். பெட்டி திறப்பது, அடை பிழிவது, வடிகட்டுவது எல்லாம் நெட்டுவாக்கில் எடுத்தவையாக இருக்கட்டும். முகப்பில் வாட்ஸ்அப் சுட்டியைப் போடுங்கள். பிசினஸ் ஆப்பே அதை உருவாக்கித் தரும்.

ஐந்தாம் படி: விளம்பரம்

நம் மாவட்டத்தில் பணம் வீணாவது, விளம்பரம் எந்தப் பகுதியில் தெரிய வேண்டும் என்று குறிக்கும் வரைபட வட்டத்தில். மார்த்தாண்டத்தை மையமாக வைத்து 30 கிலோமீட்டர் போட்டால், களியக்காவிளை தாண்டி கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லாம் உள்ளே வந்துவிடும். அங்கிருப்பவர்களுக்குத் தமிழ் விளம்பரம் பெரும்பாலும் எட்டாது. ஆர்டர் வந்தாலும் வேறொரு சிக்கல் உண்டு: லேபிள் ஒட்டி அடைத்த தேன் வரிக்குரிய சரக்கு. அதை மாநில எல்லை தாண்டி விற்றால், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பதிவு இல்லாதவர்கள், இன்ஸ்டாகிராம், பேஸ்புக் விளம்பரங்களை அமைக்கும் மெட்டாவின் விளம்பர மேலாளரில் (Ads Manager) கேரளத்தை விலக்கிவிட்டு, தக்கலையிலும் நாகர்கோவிலிலும் சிறு வட்டங்களாகப் போடுங்கள்.

நாளுக்கு 200 ரூபாய் வீதம் ஐந்து நாள் என்றால் 1,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1,180. பாட்டிலுக்கு 80 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொண்டால், போட்ட காசு திரும்பவே 15 பாட்டில் போக வேண்டும். விளம்பரம் பார்த்து வந்தவர்களின் உரையாடல்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் தனி லேபிள் (அடையாளக் குறி) போட்டு, அவர்கள் வாங்கிய பாட்டில்களை எண்ணுங்கள். லைக்கை எண்ண வேண்டாம். 15 தேறாவிட்டால் அடுத்த வாரம் படத்தை மாற்றிப் பாருங்கள், தொகையை ஏற்றாதீர்கள்.

சரக்கு தீர்ந்ததும் அந்தப் பொருளைக் கேட்லாக்கில் மறைத்து வையுங்கள். அழித்துவிட்டால் அடுத்த பிப்ரவரியில் படம், விலை, விளக்கம் எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.