பழைய காருக்குச் சரியான டயர் அளவு: மாட்டியிருப்பதை நம்பி வாங்காதீர்கள்

நான் முதன்முதலில் வாங்கிய பழைய காருக்கு டயர் மாற்ற வேண்டிய நேரம் வந்தது. முன்பக்க டயர் ஒன்றின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதிலிருந்த எண்ணைப் போனில் படம் பிடித்து, அதே அளவில் நான்கு டயர் வாங்கி மாட்டிவிட்டேன். அடுத்த வாரம் பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, பின்னாலிருந்து 'சர்ர்க்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் மட்கார்டின் உள்பக்கம் டயர் உரசிய தடம், பளபளவென்று.

அதற்கப்புறம்தான் ஓட்டுநர் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படித்தேன். கம்பெனி சொன்ன அளவு 185/65 ஆர்15. நான் வாங்கியது 205/65 ஆர்15. எனக்கு முன்னால் காரை வைத்திருந்தவர் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று அகலமான டயர் போட்டிருக்கிறார். அவருடைய ஆசைக்கு நானும் ஒருமுறை காசு கொடுத்திருக்கிறேன். பழைய டயர்கள் ஏன் உரசவில்லை? அவை மொட்டையாகிவிட்டிருந்தன. புது டயரின் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் மேடு, சுமார் 8 மில்லிமீட்டர் உயரம். தேய்ந்த டயரில் 2 மில்லிமீட்டர்கூட இருந்திருக்காது. அந்த 6 மில்லிமீட்டர்தான் இத்தனை நாளும் மட்கார்டைக் காப்பாற்றியிருக்கிறது.

புது கார் என்றால் டயரைப் பார்த்து எழுதிக்கொண்டால் போதும். பழைய காரில் மாட்டியிருக்கும் டயர், முன்னாள் உரிமையாளர் கடைசியாக எதை வாங்கினார் என்பதைத்தான் சொல்லும். காருக்கு எது பொருந்தும் என்பதைச் சொல்லாது. அதனால் விசாரணையை டயரில் ஆரம்பிக்காமல் காரில் ஆரம்பியுங்கள்.

முதல் படி: ஸ்டிக்கரைத் தேடுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு வந்து பூட்டிக்கொள்ளும் தூணில் ஒரு ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். அங்கே இல்லையென்றால் கதவின் விளிம்பு, பெட்ரோல் மூடியின் உள்பக்கம், முன்சீட்டு டேஷ்போர்டு பெட்டியின் மூடி என்று பாருங்கள். காருடன் வந்த கையேட்டிலும் இருக்கும். டயர் அளவு, முன் பின் டயர்களுக்கான காற்றழுத்தம், ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு, முழு பாரம் ஏற்றினால் எவ்வளவு என்றெல்லாம் அதில் போட்டிருப்பார்கள்.

ஸ்டிக்கரில் இரண்டு மூன்று அளவுகள் இருந்தால் குழம்ப வேண்டாம். ஒரே மாடலின் கீழ் வேரியன்ட் 14 அங்குல இரும்பு ரிம்மிலும், மேல் வேரியன்ட் 15 அல்லது 16 அங்குல அலாயிலும் வருவது சகஜம். உங்கள் காரில் இருக்கும் ரிம்முக்கு எது பொருந்துகிறதோ அதுதான் உங்களுக்கு. இதனால்தான் வெறும் மாடல் பெயரையும் வருஷத்தையும் கொடுத்து இணையத்தில் தேடினால் நான்கைந்து விடைகள் வந்து நிற்கின்றன.

பழைய காரில் மட்டுமே வரும் ஒரு சிக்கல் உண்டு. எப்போதோ விபத்தில் அடிபட்டு, வேறொரு காரின் கதவைக் கொண்டுவந்து மாட்டியிருப்பார்கள். ஸ்டிக்கர் அந்தக் கதவின் விளிம்பில் ஒட்டியிருந்தால், அது சொல்வது அந்தக் கதவின் பழைய காரைப் பற்றி! ஆகவே ஓரிடத்தில் பார்த்ததோடு நிறுத்தாமல் கையேட்டோடும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எதுவுமே கிடைக்கவில்லையா? சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த கம்பெனியின் சர்வீஸ் மையத்தில் கேளுங்கள். தொழிற்சாலையிலிருந்து அந்த கார் எந்த ரிம்மோடு வெளியே வந்தது என்று அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாம் படி: எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

185/65 ஆர்15 88எச் (டயரில் 185/65 R15 88H என்று இருக்கும்) என்பதையே எடுத்துக்கொள்வோம்.

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். காற்றடித்த டயரின் ஒரு பக்கச்சுவரிலிருந்து மறு பக்கச்சுவர் வரைக்குமான அகலம் இது. ரோட்டைத் தொடும் பகுதியை டேப் வைத்து அளந்துவிட்டு '185 வரவில்லையே' என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

65 மில்லிமீட்டர் கிடையாது, சதவீதம். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம் என்று பொருள். 185-இல் 65 சதவீதம் 120.25 மில்லிமீட்டர். ஆகவே 185/65-ம் 205/65-ம் ஒரே உயரம் என்று நினைப்பது தப்பு. இரண்டிலும் 65 இருந்தாலும், அகலம் கூடும்போது உயரமும் சேர்ந்து கூடும். நான் விழுந்த குழி இதுதான்.

'ஆர்' என்ற எழுத்தை ஆரம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது ரேடியல், அதாவது டயருக்குள் இழைகள் ஓடும் விதம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அகலத்தை மில்லிமீட்டரில் சொல்லிவிட்டு விட்டத்தை அங்குலத்தில் சொல்வது விசித்திரம்தான். அதை மாற்ற மிஷ்லின் கம்பெனி 1970-களில் முயன்றது. டிஆர்எக்ஸ் என்ற பெயரில் ரிம்மையும் மில்லிமீட்டரிலேயே கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்து கார் ஒன்றைப் பிடித்து, ஆர்15 இருக்க வேண்டிய இடத்தில் 390 என்ற எண்ணைப் பார்த்தீர்களானால் சாதாரண 15 அங்குல டயரை அதில் மாட்டக் கூடாது. இன்னும் பழைய டயர்களில் 155 ஆர்13 என்று சதவீதமே இல்லாமல் இருக்கும். அதை ஏறக்குறைய 80 சதவீதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

88 என்பது பாரக் குறியீடு. ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 84 என்றால் 500 கிலோ, 91 என்றால் 615 கிலோ. கடைசி எழுத்து வேகக் குறியீடு: டி (T) என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், எச் 210, வி 240. (ஆங்கில அகரவரிசையில் எச் முன்னாலேயே வந்துவிடும். ஆனால் இந்த அட்டவணையில் மட்டும் யு-வுக்கும் வி-க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.)

மூன்றாம் படி: காரைச் சுற்றி வாருங்கள்

இப்போது கையில் ஒரு துண்டுக் காகிதத்தோடு நான்கு டயர்களின் எண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள். ஸ்டெப்னியையும் விடாதீர்கள். ஒருமுறை ஒரு நண்பரின் காருக்கு இப்படி எழுதினோம். முன்னால் இரண்டும் 185/65, பின்னால் ஒன்று 185/65, இன்னொன்று 185/70. எப்போதோ பஞ்சரான அவசரத்தில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். 'கார் ஒரு பக்கமாகவே இழுக்குது' என்று அவர் ஆறு மாதமாக அலைன்மென்ட் பார்த்துக்கொண்டிருந்தார்!

ஸ்டெப்னி பல கார்களில் முழு அளவாகவே இருக்கும். யாரும் தொடாத டயர் அது; பெரும்பாலும் தொழிற்சாலையில் வைத்த அளவையே இன்றும் காட்டிக்கொண்டிருக்கும். ஸ்டிக்கர் கிழிந்துபோன காரில் அது நல்ல சாட்சி. ஆனால் அதன் எண் 'டி' (T) என்ற எழுத்தில் ஆரம்பித்து, டயரும் மற்றவற்றைவிட ஒல்லியாக இருந்தால், அது தற்காலிக ஸ்டெப்னி. அதன் அளவைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு என்றாலே தப்பு என்று முடிவு கட்டவும் வேண்டாம். சில கார்களுக்கு கம்பெனியே பின்னால் அகலமான டயர் கொடுக்கிறது. ஸ்டிக்கர் அப்படிச் சொன்னால் அப்படியே போடுங்கள். ஆனால் ஒரே அச்சில் இடது வலது வேறுபடுவது எந்த காரிலும் சரியில்லை. நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும் கார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். டயர் விட்டம் மாறினால், நடுவிலிருக்கும் கியர் அமைப்பு ஓயாமல் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொண்டே இருந்து சூடேறிக் கெட்டுப்போகலாம்.

நான்காம் படி: ரிம் அசலா?

ஸ்டிக்கரும் டயரும் ஒத்துப்போனால் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடலாம். ஒத்துப்போகவில்லை என்றால் ரிம்மை யாரோ மாற்றியிருக்கலாம்.

ரிம்மின் அளவு ரிம்மிலேயே பொறித்திருக்கும். அலாயில் பெரும்பாலும் ஆரக்கால்களின் பின்பக்கம் இருக்கும். சக்கரத்தைக் கழற்றினால்தான் தெரியும். 5.5ஜே × 15 இடி45 (5.5J × 15 ET45) என்பது போல ஒரு வரி. 5.5 என்பது ரிம்மின் அகலம், 15 விட்டம், இரண்டும் அங்குலத்தில். இடி45 என்பது, சக்கரம் காரோடு சேரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 45 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதைச் சொல்லும். இந்த எண் அசலைவிடக் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தும், கூடினால் உள்ளே போய் சஸ்பென்ஷனை நெருங்கும்.

டேப்பை வைத்து ரிம்மின் விட்டத்தை அளந்துவிடலாம் என்று யோசிக்கிறீர்களா? நானும் யோசித்தேன். 15 அங்குல ரிம்மின் வெளி விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளந்தால் 16 அங்குலத்துக்கு மேல் வரும். ஏனென்றால் 15 என்பது டயரின் ஓரம் உள்ளே உட்காரும் இடத்தின் விட்டம். அதற்கு மேல் சுற்றிலும் ஒரு உதடு போல விளிம்பு எழும்பியிருக்கிறது. டேப் அளவை நம்பி 16 அங்குல டயர் வாங்கினால் அது ரிம்மில் உட்காராது. பொறித்திருப்பதைப் படிப்பதுதான் வழி.

ரிம்மின் அகலத்துக்கும் டயரின் அகலத்துக்கும் ஒரு பொருத்தம் உண்டு. 185/65 ஆர்15 டயர் 5 முதல் 6.5 அங்குலம் வரை அகலமுள்ள ரிம்மில் உட்காரலாம். அதற்கு வெளியே போனால் பக்கச்சுவர் பிதுங்கும், இல்லையென்றால் இழுபடும்.

ஐந்தாம் படி: அளவு மாறியிருந்தால் கணக்குப் போடுங்கள்

ரிம் மாற்றப்பட்ட கார்தான், அசல் ரிம் கிடைக்கவும் இல்லை. சரி, அப்போது பார்க்க வேண்டியது டயரின் மொத்த விட்டம். பக்கச்சுவர் உயரத்தை இரண்டால் பெருக்கி, ரிம்மின் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கிக் கூட்டினால் வந்துவிடும்.

அசல் 185/65 ஆர்15: 120.25 × 2 = 240.5, 15 × 25.4 = 381; மொத்தம் 621.5 மில்லிமீட்டர்.

காரில் 16 அங்குல ரிம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 195/55 ஆர்16 போட்டால் 214.5 + 406.4, அதாவது 620.9. அசலுக்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ரிம் பெரிதானது, பக்கச்சுவர் சிறிதானது, மொத்தம் அப்படியே இருக்கிறது. நான் வாங்கிய 205/65 ஆர்15-க்குப் போட்டால் 647.5 வரும். அசலைவிட 26 மில்லிமீட்டர், அதாவது 4.2 சதவீதம் அதிகம்.

இந்த 4 சதவீதம் மட்கார்டோடு முடிவதில்லை. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், காருக்கோ அது தெரியாது. அசல் டயரில் மீட்டர் துல்லியமாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், இப்போது முள் 100-ஐக் காட்டும்போது கார் 104-இல் போய்க்கொண்டிருக்கும். கார் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரும் அதே விகிதத்தில் குறைத்தே எண்ணும். விட்டத்தில் 3 சதவீதம் வரை மாறலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் 2-ஐத் தாண்ட விடுவதில்லை, அதுவும் பெரிய பக்கம் போவதைவிடச் சிறிய பக்கம் போவதையே விரும்புவேன். அப்புறம், அசலில் இல்லாத அளவைப் போட்டால் சட்டப்படி அனுமதி தேவையா, காப்பீட்டுக்காரர்கள் ஏற்பார்களா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சிறிய ரிம்முக்கு இறங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: மேல் வேரியன்ட்களில் பிரேக் டிஸ்க் பெரிதாக இருக்கும். 14 அங்குல ரிம் அந்த பிரேக்கின் மேல் ஏறாமலே போகலாம்.

ஆறாம் படி: வாங்கும்போது

அளவு முடிவானதும் பாரக் குறியீட்டையும் வேகக் குறியீட்டையும் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். அதே அளவு அல்லது அதற்கு மேல். கீழே போகவே கூடாது. 'இந்த காரை யார் 210-இல் ஓட்டப் போகிறார்கள்' என்று கடையில் சமாதானம் சொல்வார்கள். வேகத்தில் அந்த வாதத்துக்குக் கொஞ்சமாவது அர்த்தம் இருக்கிறது. பாரத்தில் அறவே இல்லை. 88-க்குப் பதில் 84 போட்டால் ஒரு டயருக்கு 60 கிலோ, நான்கு டயருக்கு 240 கிலோ போய்விட்டது. மூன்று பெரியவர்களின் எடை!

தயாரித்த தேதியைப் பார்க்க, டிஓடி (DOT) என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசி நான்கு எண்களைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். சில டயர்களில் இந்த நான்கு எண்கள் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். காணவில்லை என்றால் டயரைத் திருப்பிப் பாருங்கள். 2000-க்கு முந்தைய டயரில் மூன்று எண்களே இருக்கும். அப்படி ஒன்று இன்னும் காரில் இருந்தால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டாம், உடனே கழற்றுங்கள்.

மாட்டி முடித்ததும் கடையை விட்டு நகர்வதற்கு முன், ஸ்டியரிங்கை இடது கடைசி வரைக்கும் வலது கடைசி வரைக்கும் ஒடித்துப் பாருங்கள். இரண்டு முனையிலும் இறங்கி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் விட்டுப் பாருங்கள். பிறகு பின்சீட்டில் கனமான ஆட்களை உட்கார வைத்துப் பின்பக்கமும் அதேபோல் பாருங்கள். நான் அன்றைக்குச் செய்யாமல் விட்டது அதைத்தான்.