நிலாவெளியிலிருந்து புறாத்தீவு: முதல் தடவை ஸ்நோர்க்கலிங் போகிறவர்களுக்கு

ஸ்நோர்க்கலிங் என்றால் மாஸ்க் போட்டு, குழாயால் மூச்சு விட்டுக்கொண்டு, குப்புற மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது. அதற்காக முதல் தடவை புறாத்தீவுக்குப் போனபோது மூன்று மணித்தியாலம் அங்கே இருந்தேன். அதில் தண்ணீருக்குள் ஒழுங்காக மீன் பார்த்த நேரத்தைக் கூட்டினால் ஐந்து நிமிடம் வராது. மற்ற நேரமெல்லாம் மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்து, இருமி, பயந்துபோய் காலை ஊன்றி எழும்பி, முழங்காலில் முருகைக்கல் (பவளப்பாறை) கிழித்து, கரையில் குந்தியிருந்து மற்றவர்கள் பார்த்து வந்து சொல்கிற கதையைக் கேட்டதுதான். அடுத்த வருடம் திரும்பவும் போனேன். அதே கடல், அதே வாடகை மாஸ்க், ஆனால் இந்தத் தடவை முதல் பத்து நிமிடத்தை இடுப்பளவு தண்ணீரில் செலவழித்தேன், வித்தியாசம் அவ்வளவுதான். அதனால் நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் பயப்படுகிறவர்களுக்கும் சேர்த்து, ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். 

இடம் தெரியாதவர்களுக்கு: திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியால் வடக்கே சுமார் 15 கிலோமீற்றர் போனால் நிலாவெளி. அங்கே கரையில் நின்றாலே எதிரே தீவு தெரியும், சுமார் 1 கிலோமீற்றர் தூரம்தான். மாடப்புறாக்கள் கூடு கட்டுகிற பாறைகள் இருப்பதால் அந்தப் பெயர், புறாமலை என்றும் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் துப்பாக்கிச் சூடு பழகுகிற இடமாக வைத்திருந்தார்கள். 2003 இல் தேசியப் பூங்காவானது, இப்போது வனஜீவராசிகள் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. உண்மையில் அங்கே பெரியதும் சின்னதுமாக இரண்டு தீவுகள், இறக்கி விடுவது பெரியதில்.

படி 1: மாதத்தைப் பாருங்கள், பிறகு கிழமையைப் பாருங்கள்

மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். கொழும்புப் பக்கம், காலிப் பக்கம் கடல் கொந்தளிக்கிற மாதங்களில்தான் கிழக்குக் கரை குளம் மாதிரிக் கிடக்கும். வாடை தொடங்கிவிட்டால் கதை மாறும். அக்டோபர் முடிவிலிருந்து தை மாதம் வரைக்கும் மழையும் அலையும்தான், யாராவது படகு விடுகிறேன் என்று சொன்னாலும் போகாதீர்கள், கலங்கிய தண்ணீரில் உங்கள் கைவிரலே தெரியாது.

நல்ல மாதமாகவே இருந்தாலும் சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். சின்னக் கடற்கரை அது. பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ் இரண்டு வந்துவிட்டால் தண்ணீருக்குள் மீனை விடக் கால்கள்தான் அதிகம் தெரியும்.

படி 2: காலை ஏழரைக்குக் கரையில் நில்லுங்கள்

இது அரை நாள் பயணம். அரை நாள் என்றால் பின்னேரப் பாதி என்று நினைக்க வேண்டாம், காலைப் பாதி. காற்று எழும்ப முன்னம் தண்ணீர் தெளிவாக இருக்கும், வெயில் தலைக்கு மேல் வர முன்னம் நீங்கள் திரும்பிவிடலாம், கூட்டமும் பத்து மணிக்குப் பிறகுதான் சேரும்.

அனுமதிச் சீட்டு நிலாவெளிக் கரையில் திணைக்களத்தின் கருமபீடத்தில் எடுக்க வேண்டும். இதில் புதிதாக வருகிறவர்கள் குழம்புகிற இடம் ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு கட்டணம், படகுக்கு ஒரு கட்டணம், அதற்கு மேல் குழுவுக்குச் சேவைக் கட்டணம், பிறகு வரி. படகு வாடகை இது எதிலும் சேராது, அதைப் படகுக்காரரிடம் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆகவே இரண்டு பேராகப் போனால் தலைக்கு விழுகிற செலவு கூட. கரையில் இன்னொரு சோடி நின்றால் வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள், சேர்ந்து போனால் இரண்டு பகுதிக்கும் லாபம். உள்ளூர்க்காரர் என்றால் அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு, கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

படகுக்காரரிடம் விலை பேசும்போது மூன்று விடயங்களை ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள்: போய்வர எவ்வளவு, மாஸ்க்கும் குழாயும் அதற்குள் அடக்கமா, எத்தனை மணிக்கு வந்து ஏற்றுவீர்கள். உங்களை இறக்கிவிட்டு அவர் அடுத்த ஆட்களை ஏற்றப் போய்விடுவார், ஆகவே நேரத்தை அவருடைய போனில் உங்கள் நம்பரோடு பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.

படி 3: என்ன உடுப்பது, என்ன விட்டுப் போவது

நீளக்கை ரீசேட்டும் லெகின்ஸும் போதும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுதான் நல்லது. ஸ்நோர்க்கலிங் என்பது குப்புற மிதக்கிற வேலை, முகம் குளிர்ந்த தண்ணீரில் இருக்கும், முதுகும் பின்னங்காலும் வெயிலில் வேகும், இரவு படுக்கப் போகும்போதுதான் தெரியவரும். சன்ஸ்கிரீன் தடிப்பாகப் பூசினால் அது கழுவிப்போய் முருகைக்கல்லைத்தான் பாதிக்கும், துணியால் மூடுவது இரண்டு பேருக்கும் நல்லது. சல்வாரோடு இறங்குகிற தங்கச்சிமார் சால்வையைக் கரையிலேயே வைத்துவிடுங்கள், நனைந்த சால்வை கழுத்தையும் கையையும் சுற்றும்.

தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராது, தெரியும். அப்படியென்றால் கொடியை ரீசேட்டுக்குள் விட்டு, கழுத்துப் பக்கம் ஊசியால் குத்திக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட் பட்டியில் கொடி சிக்கினால் உங்களுக்கும் இழுபடும், கொடிக்கும் இழுபடும். மோதிரம், காப்பு எல்லாம் அறையிலேயே இருக்கட்டும், குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கஷ்டம். கண்ணாடிக்கு மேல் மாஸ்க் போட முடியாது, காம்பு வழியாகத் தண்ணீர் வந்துவிடும். ஒன்றில் பவர் வைத்த மாஸ்க் வாங்க வேண்டும், அல்லது இருக்கிற கண்ணுக்கே சமாளிக்க வேண்டும். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கொஞ்சம் கிட்டவும் தெரிவதால், என்னுடைய மைனஸ் இரண்டுக்கு மாஸ்க் மட்டுமே போதுமாக இருந்தது.

காலுக்கு ரப்பர் சப்பாத்து அல்லது பட்டி வைத்த செருப்பு கட்டாயம். அந்தக் கரை மணல் மெத்தை இல்லை, உடைந்த முருகைக்கல் துண்டுகள் குவிந்து கிடக்கும், வெறுங்காலோடு பத்து அடி நடப்பதற்குள் சந்நிதி முருகன் கோயிலுக்குப் பாதயாத்திரை போன மாதிரி ஆகிவிடும்.

தீவில் கடை கிடையாது. தண்ணீரை ஆளுக்கு ஒரு போத்தல் கணக்கில் கொண்டுபோய், வெறும் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். லன்ச் ஷீட்டில் சோறு கட்டிக்கொண்டு போகிற எண்ணத்தை விடுங்கள். காலையில் இரண்டு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுப் போனால் பதினொரு மணிவரை தாங்கும், வயிறு முட்டத் தின்றால் படகிலேயே திரும்ப வரும்.

படி 4: படகு

பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம்தான், ஆனால் ஃபைபர் படகும் அவுட்போட் இஞ்சினும் என்பதால் அலைக்கு மேல் தட்டித் தட்டிப் போகும். முன்னுக்கு இருந்தால் படம் நல்லாக வரும், முதுகெலும்பு நல்லாக இருக்காது. முதுகு வலி உள்ளவர்கள், அம்மா அப்பா, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவர்கள் பின்பக்கம் இஞ்சினுக்குக் கிட்ட இருங்கள், அங்கே குலுக்கம் குறைவு. தலை சுற்றுகிறவர்கள் போனைப் பார்க்காமல் தூரத்தில் கடலும் வானமும் சேர்கிற கோட்டைப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் பட்டிகளைப் பூட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு இருப்பது ஒரு பிரயோசனமும் இல்லாத வேலை. பூட்டிவிட்டு இரண்டு தோளையும் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், காதுவரை வந்தால் அது உங்களுக்குப் பெரிது, வேறு கேளுங்கள்.

படி 5: இந்தப் பத்து நிமிடம்தான் எல்லாம்

இறங்கியதும் எல்லோரும் ஓடிப்போய் விழுவார்கள். நீங்கள் போகாதீர்கள்.

முதலில் மாஸ்க். பட்டியைத் தலைக்குப் போடாமல், மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெதுவாக மூச்சை உள்ளிழுங்கள், கையை எடுங்கள். மாஸ்க் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்களுடைய அளவு. விழுந்தால் வேறு எடுக்க வேண்டும், பட்டியை இறுக்கினால் சரிவரும் என்று படகுக்காரர் சொன்னாலும் சரிவராது (ஆகவே இந்தச் சோதனையைப் படகில் ஏற முன்னமே செய்துவிடுவது புத்தி). நெற்றி முடி ஒன்றிரண்டு ரப்பருக்குள் மாட்டினாலும் தண்ணீர் கசியும். மீசைக்காரர்களுக்கு எப்போதும் கொஞ்சம் கசியும், என் கணவர் மீசையின் மேல்விளிம்பில் வாஸ்லின் பூசிப் பார்த்தார், முக்கால்வாசி நின்றது, எடுக்கச் சொன்னதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. பிறகு மாஸ்க் கண்ணாடியின் உட்புறம் துப்பி, விரலால் தேய்த்து, கடல் தண்ணீரில் ஒரு அலசு. அருவருப்பாக இருக்கும். ஆனால் கண்ணாடியில் ஆவி படியாது.

இப்போது இடுப்பளவு தண்ணீரில், மணல் உள்ள இடமாகப் பார்த்து நில்லுங்கள். குழாயின் வாய்ப்பகுதியை உதட்டுக்கும் முரசுக்கும் நடுவில் வைத்து, அந்த இரண்டு குமிழையும் பல்லால் லேசாகப் பிடியுங்கள், கடிக்க வேண்டாம். நின்றபடியே வாயால் பத்து மூச்சு. பிறகு குனிந்து முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்துப் பத்து மூச்சு. இந்த இடத்தில் மனம் “மூச்சு வராது, எழும்பு” என்று கத்தும். மூச்சு வரும். வெளியே விடும் மூச்சை நீட்டமாக விடுங்கள், உள்ளே இழுப்பது தானாக நடக்கும். சின்னச் சின்னதாக வேகமாக இழுத்தால் குழாய்க்குள் இருக்கிற பழைய காற்றையே திரும்பத் திரும்ப இழுப்பீர்கள், பயமும் கூடும்.

அடுத்தது, வேண்டுமென்றே குழாய்க்குள் தண்ணீர் விடுவது. தலையைச் சரித்துக் கொஞ்சம் உள்ளே வர விட்டு, மெழுகுதிரி ஊதி அணைக்கிற மாதிரி இல்லை, நாதஸ்வரத்தில் முதல் ஊதல் மாதிரி, ஒரே “டூ!” என்று ஊதுங்கள். தண்ணீர் மேலால் பாய்ந்து போகும். இதை ஐந்து தடவை செய்தால் பிறகு கடலில் ஒரு அலை வந்து குழாய்க்குள் விழுந்தாலும் எழும்ப மாட்டீர்கள், ஊதுவீர்கள். நான் முதல் வருடம் பழகாமல் விட்டது இதைத்தான்.

கடைசியாக லைஃப் ஜாக்கெட்டோடு குப்புற மிதந்து, கை காலை விட்டுவிட்டு ஒரு நிமிடம் சும்மா கிடக்க வேண்டும். கீழே மணலைப் பாருங்கள். மணல் ஒரு பக்கமாக நகர்ந்தால் உண்மையில் நகர்வது நீங்கள், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். நீந்தத் தொடங்கும்போது அதற்கு எதிர்ப்பக்கமாகத் தொடங்கினால், களைத்த பிறகு தண்ணீரே உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடும்.

படி 6: முருகைக்கல்லுக்கு மேலே

இங்கே ஒரே ஒரு சட்டம், காலை ஊன்றக் கூடாது. முதல் வருடம் நான் தடுமாறி எழும்பி நின்றபோது படகுக்கார அண்ணா கரையிலிருந்து கத்தினார்: “தங்கச்சி, கல் எண்டு நினைச்சு மிதிக்காதேங்கோ, அது உயிர்!” கல்லின் மேல்தோலில் இருக்கிறது முழுக்க ஊசிமுனை அளவுப் பிராணிகள், வருடத்துக்கு ஒரு சில சென்ரிமீற்றர் வளர்கிறவை, என் ஒரு மிதிக்கு எத்தனை வருடம் போயிற்றோ. முருகைக்கல் கிழித்த காயமும் லேசில் ஆறாது, வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை முழங்கால் சொறிந்தது. நிற்க வேண்டும்போல இருந்தால் மல்லாந்து மிதந்துகொள்ளுங்கள், மணல் திட்டைத் தேடிப் போய் நில்லுங்கள். இடுக்குகளில் கறுப்பு ஊசிக்கொத்து மாதிரி இருப்பது கடல் முள்ளெலி, கை வைக்காதீர்கள்.

பயம் குறைந்த பிறகு காதைத் திறந்து வையுங்கள். தண்ணீருக்குள் “கறுக், கறுக்” என்று யாரோ முறுக்குக் கடிக்கிற சத்தம் கேட்கும். கிளிமீன்தான் அது, பச்சையும் நீலமுமாக, சொண்டு மாதிரிப் பல்லால் கல்லைச் சுரண்டித் தின்னும். கொஞ்ச நேரம் பின்னாலேயே போனால் அது வாலைத் தூக்கி வெள்ளைப் புகை மாதிரி ஒன்றை விடும். மணல். தின்ற கல்லின் மிச்சம். வெள்ளைக் கடற்கரை என்று நாங்கள் படம் எடுத்துப் போடுகிறதில் எவ்வளவு இப்படி வந்தது என்று யோசித்தால் சிரிப்பு வரும்.

சரி, சுறா. எல்லோரும் கேட்பது அதைத்தான். கரும்முனைச் சுறாக்கள் ஆழமில்லாத தண்ணீரில் திரியும், முதுகுச் செட்டையின் நுனி மையில் தோய்த்த மாதிரிக் கறுப்பாக இருக்கும். வளர்ந்தது ஒன்றரை மீற்றர் அளவில்தான், ஆனால் மேலே சொன்னேனே, தண்ணீருக்குள் எல்லாம் பெரிதாகத் தெரியும், ஆகவே முதல் பார்வைக்கு உங்களை விட நீளமாக இருக்கும். கூச்சம் உள்ள மீன் அது. நீங்கள் கையைக் காலை அடித்தால் உடனே போய்விடும், அசையாமல் மிதந்தால் இன்னொரு சுற்று வரும். துரத்தாதீர்கள், பாண் துண்டு போடாதீர்கள். காலையில் கூட்டம் வர முன்னம் போனால்தான் பார்க்கக் கிடைக்கும். நான் பார்த்தது எட்டரைக்கு, மூன்று, அதில் ஒன்று குட்டி.

இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கரைக்கு வந்து தண்ணீர் குடியுங்கள். தனியே போகாதீர்கள், இரண்டு பேராக, ஒருவர் மற்றவரின் குழாய் நுனி தெரிகிற தூரத்தில். விரல் வெளிறி நடுங்கத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

படி 7: திரும்புவது

படகு வர கால் மணித்தியாலம் முன்னமே மாஸ்க், குழாய், போத்தல், பிள்ளைகளின் செருப்பு எல்லாம் எண்ணி வையுங்கள். உணவு வாசம் உள்ள எதையும் பையைத் திறந்து போட்டு வைக்காதீர்கள். எங்கள் பிஸ்கட் பைக்கற்றைக் காகம் தூக்கிக்கொண்டு போய் மரத்தில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றது. கரையில் கிடக்கிற முருகைக்கல் துண்டு வடிவாக இருக்கிறது என்று பைக்குள் போடக் கூடாது, செத்த துண்டாக இருந்தாலும் தேசியப் பூங்காவிலிருந்து எடுப்பது குற்றம்.

பன்னிரண்டு மணிக்கு நிலாவெளியில் இறங்கினால் பின்னேரம் முழுக்க மிச்சம் இருக்கும். உப்புத் தலையோடு கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய், ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றலாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஆனால் படி 3 ஐ வாசித்தும் கை இல்லாத பனியனோடு போனவர்கள் அன்றைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். எரிந்த முதுகில் அந்த முதல் வாளி விழும்போது என் தம்பி போட்ட சத்தத்துக்கு, பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் முழுக்க வாளியைப் போட்டுவிட்டு எழும்பியது.