4எச் லீவர் சிக்கிக்கொண்டால்

ஜிம்னி, சாமுராய் போன்ற சிறிய சுசுகி வண்டிகளில் 4எச்சிலிருந்து (நான்கு சக்கர இயக்கம்) 2எச்சுக்கு (இரு சக்கர இயக்கம்) லீவர் வர மறுத்தால் பலமாக இழுக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்துவிட்டு மாற்றுங்கள், வந்துவிடும். முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரென்ஷியல் இவற்றில் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி அந்த வித்தியாசம் தீர்ந்துவிடும், தார்ச்சாலையில் அதற்கு வழியில்லை. சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் ஷாஃப்டுகள் முறுக்கேறி கியரைக் கவ்விக்கொள்ளும், பின்னால் போனால் முறுக்கு அவிழும். மண்பாதை முடிந்து தார்ச்சாலை ஏறும் முன்பே 2எச்சுக்கு மாறுவது இன்னும் நல்லது. முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ரிப்பேர் சின்னச் செலவல்ல. ரஷ்ய வண்டியான லாடா நிவாவில் நடு டிஃபரென்ஷியல் உண்டு, அதைப் பூட்டாதவரை இந்தத் தொல்லை வராது.