நீரிழிவு கிளினிக்கில் கம்ப்யூட்டர் சொல்லும் யோசனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் இனிப்புநீர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முன்னே. கூட்டம் நெருக்கும் கிளினிக்கில், எண்களைத் தட்டியதும் 'மருந்தைக் கூட்டு', 'கண்ணைப் பரிசோதி' என்று எடுத்துக் கொடுக்கும் மென்பொருள் டாக்டருக்கு நல்ல துணைதான்.

ஆனால் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 9 விழுக்காடு என்று உயர்ந்து வந்ததுமே, திரை சொன்னபடி மருந்தைக் கூட்டிவிடாதீர்கள். இதுதான் பெரிய தவறு. மருந்து எழுதிக் கொடுத்தது திரைக்குத் தெரியும். நோயாளி விழுங்கினாரா என்பது தெரியாது. பால் மரம் (ரப்பர்) சீவுகிறவர் விடியுமுன் கிளம்புவார். பசியாறுவது வேலைக்கு நடுவில்தான். வெறும் வயிற்றில் சர்க்கரையை இறக்கும் கிளிக்லசைடு மாத்திரை போட்டு ஒருமுறை கண் இருண்டவர், மாத்திரையை டப்பாவிலேயே விட்டுவிடுவார். டாக்டர் கேட்டால் மட்டும் "சாப்பிடுறேன் டாக்டர்" என்பார். அவருக்கு அளவைக் கூட்டி, அவரும் பயந்துபோய் ஒழுங்காக விழுங்கத் தொடங்கினால், சர்க்கரை இறங்கி மரத்தடியிலேயே விழுவார். "மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்ற பதில்தான் வரும். "மாத்திரை எவ்வளவு மிச்சம் இருக்கு ஐயா? காலையில எத்தனை மணிக்குப் பசியாறுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

திரையின் யோசனையை ஒதுக்கினால், காரணத்தை ஒரு வரி எழுதி வையுங்கள். இளம் டாக்டர்கள் அடிக்கடி மாற்றலாகிப் போகும் ஊர்களில் அந்த ஒரு வரிதான் அடுத்தவருக்கு வழிகாட்டும். எல்லா எச்சரிக்கைக்கும் 'ஓகே' தட்டும் பழக்கத்துக்கு டாக்டரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தொட்டதற்கெல்லாம் கத்தும் மென்பொருளை யார்தான் மதிப்பார்கள்? வேண்டாத எச்சரிக்கைகளை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினினின் போன வருட எண்ணை வைத்து இன்றைய யோசனையைக் கேட்பதும் ஆபத்து. அதைக் கொண்டு கணக்கிடும் சிறுநீரக வடிகட்டல் அளவு 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையை நிறுத்தியாக வேண்டும். பழைய எண்ணை நம்பும் திரை 'தொடரலாம்' என்றே சொல்லும்.

தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர், அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர் ஆகியோருக்கு எச்பிஏ1சி சரியாகக் காட்டாது. விரலில் குத்தி எடுத்த அளவுகளோடு அது ஒத்துப்போகிறதா பாருங்கள்.

இன்னொன்று, சின்னதுதான். ஊருக்குப் போய் வந்தவர்கள் இந்தியாவில் வாங்கிய குளுக்கோமீட்டரில் எடுத்த அளவைத் தாளில் குறித்து வருவார்கள். அங்கே அளவு mg/dL, இங்கே mmol/L. அதில் 126 என்று இருந்தால் இங்கே அது 7.0. பதினெட்டால் வகுத்த பிறகே கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள்.