பொது அறிவு சார்ட்: காலிக் கட்டத்தில் கை வைக்காதீர்கள்

போன வாரம், கணினியில் பக்கம் அமைக்கும் எங்கள் டி.டி.பி. அறையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு புரூஃபை, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதியை, நீட்டினான். இந்தியாவின் தேசியச் சின்னங்கள், பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் சார்ட். நாலுக்கு நாலு, பதினாறு கட்டம். கடைசிக் கட்டத்தில் மட்டையும் பந்தும், கீழே "தேசிய விளையாட்டு: ஹாக்கி".

"அண்ணே, ஒரு கட்டம் காலியா இருந்துச்சு. நானே நிரப்பிட்டேன்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் இதே சிவகாசியில் நானும் அதையேதான் நிரப்பினேன்.

இந்த மாதிரி சார்ட் செய்யும்போது நாம் செய்கிற தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எழுத்துப்பிழை, படம் மாறிப்போவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை எந்த புரூஃப் ரீடரும் பிடித்துவிடுவார்.

காலிக் கட்டத்தை நிரப்புவது

எனக்கு அன்று காலியாக இருந்தவை இரண்டு கட்டங்கள். ஒன்றில் ஹாக்கி. இன்னொன்றில் "தேசிய மொழி: இந்தி". மூவாயிரம் பிரதி அடித்து பண்டலும் கட்டியாயிற்று. கொஞ்சம் கடைகளுக்குப் போன பத்தாம் நாள், ஒரு தலைமையாசிரியர் சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். மேசையில் விரித்தார். இந்திக் கட்டத்தில் விரலை வைத்து, "தம்பி, இது எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

எந்தச் சட்டத்திலும் இல்லை. அரசமைப்பின் 343ஆம் பிரிவு தேவநாகரி எழுத்திலான இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்கிறது. தேசிய மொழி என்று எந்த மொழியையும் சொல்லவில்லை. 1963ஆம் ஆண்டின் அலுவல் மொழிச் சட்டப்படி ஆங்கிலமும் தொடர்கிறது. அரசமைப்பில் மொழிகளைப் பட்டியலிடும் எட்டாம் அட்டவணையில் முதலில் 14 மொழிகள் இருந்தன, இப்போது 22. தமிழ் தொடக்கம் முதலே அதில் உண்டு. இந்தியைத் தேசிய மொழியாக அறிவித்த ஆவணம் எதுவும் இல்லை என்று 2010இல் குஜராத் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அலுவலுக்கும் தேசியத்துக்கும் வித்தியாசம் தெரியாமல், அதுவும் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு, அச்சில் ஏற்றியவன் நான்.

விற்காமல் கிடந்த சார்ட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்டிக்கர். ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாக ஒட்டினேன். ஸ்டிக்கர் அடித்த காசு என் சம்பளத்தில் கழிந்தது. ஹாக்கி மேல் ஒட்டியது சரியாகப் பிடிக்காமல் உரிந்து, மட்டையின் நுனி மட்டும் எட்டிப் பார்த்தது.

ஹாக்கி விஷயத்தில் நம்மை ஏமாற்றுவது பழம்பெருமை. 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் தங்கம், மொத்தத்தில் எட்டு. இவ்வளவு இருக்கும்போது அறிவிக்காமலா இருந்திருப்பார்கள் என்று தோன்றும். அறிவிக்கவே இல்லை. 2012இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்றே அரசிடமிருந்து பதில் வந்தது. புலி இருக்கிறது, மயில் இருக்கிறது, ஆலமரம் இருக்கிறது, அப்படியானால் விளையாட்டும் இருக்கத்தானே வேண்டும்? இந்த "இருக்கத்தானே வேண்டும்"தான் என்னைக் கவிழ்த்தது. இப்போது சிலர் ஜிலேபியைத் தேசிய இனிப்பு ஆக்கியிருக்கிறார்கள். அடுத்து தேசியச் சட்னி வரும்.

கட்டம் மிஞ்சுகிறதா? கங்கை டால்பின் தேசிய நீர்வாழ் விலங்கு. யானை 2010 முதல் தேசியப் பாரம்பரிய விலங்கு. இரண்டும் முறையாக அறிவிக்கப்பட்டவை. அதுவும் போதாவிட்டால் கொடியைப் பெரிதாகப் போடுங்கள்.

கொடியை இழுப்பது

பெரிதாக்கும்போது நீளமும் உயரமும் 3:2. மூலையைப் பிடித்து இழுங்கள், பக்கவாட்டில் இழுக்காதீர்கள்.

ஆரங்களை எண்ணாமல் விடுவது

கொடியின் நடுவிலுள்ள அசோகச் சக்கரத்தில் ஆரங்கள் 24. பதினைந்து டிகிரிக்கு ஒன்று. இலவசமாகக் கிடைக்கும் படங்களை நம்பாமல் எண்ணிப் பாருங்கள்.

சிங்கத்தைத் திருப்பிப் போடுவது

லேஅவுட் அழகுக்காகப் படத்தை மிரர் செய்கிற பழக்கம் நம் தொழிலில் உண்டு. அரசுச் சின்னத்தில் அது ஆகாது. சாரநாத் தூணில் நான்கு சிங்கங்கள், சின்னத்தில் நமக்குத் தெரிவது மூன்று. திருப்பிப் போட்டாலும் சிங்கத்தில் வித்தியாசம் தெரியாது. அதன் காலடியில் பாருங்கள்: நடுவில் சக்கரம், நமக்கு வலப்பக்கம் காளை, இடப்பக்கம் பாயும் குதிரை. இவை இடம் மாறியிருந்தால் படம் திரும்பிவிட்டது. அடியில் தேவநாகரியில் "சத்யமேவ ஜயதே" இல்லாவிட்டாலும் சின்னம் முழுமையில்லை. "வாய்மையே வெல்லும்" தமிழ்நாடு அரசின் சின்னத்துக்கு உரியது, அதை இங்கே கொண்டுவந்து வைக்காதீர்கள்.

பாடமாகச் சார்ட்டுக்குள் காட்டுவது வேறு. சில வாடிக்கையாளர்கள், "அட்டையில சிங்கம் போடுங்க, கவர்மென்ட் புக்கு மாதிரி இருக்கும்" என்பார்கள். மறுத்துவிடுங்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறைகேடாகப் பயன்படுத்தினால் இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

பழைய ஃபைலைத் திறப்பது

29 மாநிலம், 7 யூனியன் பிரதேசம் என்று இருந்தால் அது 2019க்கு முந்தைய ஃபைல். இப்போது 28, 8. மக்களவை 545 என்றிருந்தாலும் பழையதுதான். ஆங்கிலோ இந்தியர் நியமனம் 2020 ஜனவரியோடு நின்றது. இப்போது 543.

இரண்டு தேதிகள்

அரசமைப்பை ஏற்றது 26.11.1949. முழுமையாக நடைமுறைக்கு வந்தது 26.1.1950.

சக ஆண்டு

சக ஆண்டைக் கணக்கில் கொள்ளும் தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் முதல் மாதமான சைத்ரம் 1 என்றால் மார்ச் 22, லீப் ஆண்டில் மட்டும் மார்ச் 21. காலண்டர் ஊரில் இதைத் தப்பாக அடித்துவிட்டு டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.