ஆழ்கடலுக்குப் போகும் தம்பிமார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பலநாள் படகிலிருந்து மீன் இறக்கிக்கொண்டிருந்தார்கள். படகோட்டித் தம்பி ஒரு ஓரமாகக் குந்தியிருந்து, எந்த நாள் எங்கே என்ன பிடித்தோம் என்று அன்றன்றே எழுத வேண்டிய லொக் புத்தகத்தை, பதினெட்டு நாளுக்கும் சேர்த்து ஒரே பேனையால் ஒரே மூச்சில் நிரப்பிக்கொண்டிருந்தான். பழைய என்னைப் பார்த்த மாதிரியே இருந்தது. லைசென்ஸ் எடு, லைஃப் ஜாக்கெட் போடு என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

200 கடல் மைல் தாண்டினால் கேட்க ஆளில்லை என்று நினைப்பது

திருகோணமலையிலிருந்து நேர் கிழக்கே ஏழு நொட்ஸில், அதாவது மணிக்கு ஏழு கடல் மைலில், ஓடினால் 29 மணித்தியாலத்துக்குள் மீன்பிடி உரிமை இலங்கைக்கு மட்டும் உள்ள நம் பொருளாதார வலயம் முடிந்துவிடும். அங்கே தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை, சரி. படகில் பறக்கிற கொடி? அது எந்த நாட்டுக் கொடியோ அந்த நாட்டுச் சட்டமும் கூடவே வருகிறது. இன்னும் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் அந்தமான் பக்கம் இந்திய வலயம் தொடங்கிவிடும், அது வேறு கதை.

கரைக்கு வந்து லொக் புத்தகம் எழுதுவது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிற விசயம். நீளத் தூண்டில் லைனை இழுத்து முடிய விடிந்துவிடும், கையெல்லாம் கீறல், அந்த நேரத்தில் யார் பேனை பிடிப்பது? அதனால் திரும்பி வரும்போது நினைவிலிருந்து எழுதுவேன். எல்லா நாளும் கிட்டத்தட்ட ஒரே அகலாங்கு, நிறை எல்லாம் 50, 100, 400 என்று முழு எண், ஆமைக்கும் சுறாவுக்கும் உரிய கட்டங்களில் சைபர்.

ஒரு தடவை மீன் சட்டப்படி பிடித்ததுதான் என்று காட்டும் பிடிச் சான்றிதழை ஏற்றுமதிக்காக எடுக்கப் போன இடத்தில் என் பக்கங்களையும் படகு நிற்கும் இடத்தைச் செய்மதி வழியாகக் கரைக்குச் சொல்லும் விஎம்எஸ் கருவி அனுப்பிய பாதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நான் 400 கிலோ கெலவல்லா (மஞ்சள் செட்டைச் சூரை) பிடித்ததாக எழுதிய ஒன்பதாம் நாள், படகு லைனே போடாமல் பகலும் இரவும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சான்றிதழ் இல்லை. மீன் முழுக்க உள்ளூர்ச் சந்தை விலைக்குப் போனது. படகுச் சொந்தக்காரர் சம்மாட்டி ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை, அதில் பிழையும் இல்லை.

இத்தனைக்கும் 2015 ஜனவரியிலிருந்து 2016 ஜூன் வரை ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனைத் தடைசெய்திருந்ததை நான் பார்த்தவன். சர்வதேசக் கடலுக்குப் போகிற படகுகளை நாடு ஒழுங்காகக் கண்காணிக்கவில்லை என்பதுதான் அப்போது வந்த பெரிய குற்றச்சாட்டு.

கெலவல்லா ஒரு நாட்டு எல்லைக்குள் அடங்குகிற மீனில்லை. மாலைதீவு, ஈரான், ஸ்பெயின் படகுகள் பிடிப்பதும் நாம் பிடிப்பதும் ஒரே கூட்டத்தைத்தான். அதை எண்ணிப் பார்த்து யார் எவ்வளவு பிடிக்கலாம் என்று பேசுகிற இடம் சீஷெல்ஸில் இருக்கும் இந்து சமுத்திர சூரை மீன் ஆணைக்குழு. நாம் எழுதுகிற பக்கங்களின் கணக்குத்தான் கடைசியில் அங்கே போய்ச் சேருகிறது. பொய்க் கணக்கோடு போகிற நாடு அந்த மேசையில் என்னத்தைக் கேட்டு வாங்கும்?

அந்தச் சைபர் இன்னும் மோசம். ஆமை மாட்டியதை எழுதினால் தண்டப்பணம் என்று பயப்படுகிறார்கள். தவறுதலாக மாட்டிய ஆமையின் தூண்டிலைக் கழற்றி உயிரோடு விட்டதை எழுதுவது குற்றமில்லை, அதுதான் எழுத வேண்டியதே. வருசம் முழுக்க எல்லாப் படகும் சைபர் எழுதினால் அது நம்பக்கூடிய கணக்கில்லை என்பது கணக்குப் பார்க்கிறவனுக்கும் தெரியும்.

இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேல் செவுள் வலை

வேண்டாம்.

சாட்டை மாதிரி வால் நீண்ட சுறா

2012இலிருந்து இலங்கையில் பிடிக்கத் தடை. ஏற்றாதே, உயிரோடு இருந்தால் உடனே விடு.

'புது ஒப்பந்தத்தால் கடலை மூடிவிட்டார்கள்' என்று கதைப்பது

2023இல் ஐ.நா.வில் ஏற்றுக்கொண்ட ஆழ்கடல் ஒப்பந்தம் 2026 ஜனவரி 17இல் நடைமுறைக்கு வந்தது. சர்வதேசக் கடலில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளை நாடுகள் கூடி அறிவிக்க அது வழி செய்கிறது. சூரைக் கணக்கை முன்புபோல சீஷெல்ஸில்தான் பார்ப்பார்கள். தேநீர்க் கடையில் கேட்டதை நம்பித் தொழிலை விட்டுவிடாதீர்கள்.

கொட்பேத் தம்பியிடம், "ஒன்பதாம் நாள் எங்கே நின்றாய்?" என்று கேட்டேன். பேனையை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணை, நீங்கள் மீன் வாங்க வந்தனீங்களா?"